வேர்வை நின்ற பிறகு

காஜா மைதீன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் மேலாளர். "நெஞ்சுவலி சார், பொசுக்குன்னு போயிட்டாரு" என்றார். எந்த மருத்துவர் பார்த்தார் என்று கேட்டேன். "நேரா வீட்டுக்கே கொண்டாந்துட்டோம் சார்." மருத்துவர் பார்க்காத உடலுக்கு நோயின் பெயர் எங்கிருந்து வந்தது?

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரை ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலையின் போர்மேனாக மட்டுமே அறிவீர்கள். விருதுநகரில் நாங்கள் இருவரும் விலங்கியல் படித்தோம். தேர்வுக்கு முந்தைய நாள் நான் மனப்பாடம் செய்வதைப் பார்த்துச் சிரித்தார். "என்னலே உருப்போடுற? உடம்பு யாரையும் நம்பாதுலே. சூடு ஏறுதா, எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஏறுனா வேர்வையத் தொறந்துவிடும், எறங்குனா அடச்சுப்புடும். அம்புட்டுதான் பாடம்." என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றார்.

நான் அந்தப் பாடத்தை வகுப்பறையில் நடத்தினேன். அவர் தகரக் கூரையின் கீழ் நடத்தினார். தீப்பொறிக்கு அஞ்சி மின்விசிறி வைக்காத அறைகள் அவை. மணிக்கொரு முறை எல்லோரும் வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. ஒரு சித்திரை மதியம் நான் போயிருந்தபோது, திரி வைக்கும் மாரியம்மாள், "வேர்வை நின்னுருச்சுண்ணே, இப்பத் தேவல" என்றார். காஜா அவரை நிழலுக்கு இழுத்து ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்.

"ஏண்ணே, மஞ்சத்தண்ணி வெளையாட நாந்தான் கெடச்சேனா?"

"சும்மா கெட தாயி. இந்த வெக்கையில வேர்வை நின்னா, உடம்பு தோத்துருச்சுன்னு அர்த்தம்."

எனக்குச் செய்தி சொன்ன, இந்த சீசனில் புதிதாக வந்த மேலாளர் அந்த இடைவேளையை நிறுத்தினார். காஜா வாதாடித் தோற்று, வெயிலில் தானே குடம் சுமந்து அறை அறையாகத் தண்ணீர் கொடுத்தார் என்று மாரியம்மாள் சொல்கிறார்.

துக்க வீட்டில் கம்பெனிக்காரர்கள், இயற்கை மரணம், உடற்கூறாய்வு வேண்டாம் என்ற தாளில் காஜாவின் மனைவி நூர்ஜஹானிடம் கையெழுத்துக் கேட்டார்கள். மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று உறவினர்கள் அவசரப்பட்டார்கள். "என்னண்ணே செய்ய? அவுக உடம்புல கத்தி படணுமா?" என்று நூர்ஜஹான் என்னைக் கேட்டார்.

ஆறுதல் சொல்வதாக நினைத்து மேலாளர் வாயைத் திறந்தார். "கஷ்டப்படலம்மா. மேலெல்லாம் காஞ்சு, சொட்டு வேர்வையில்லாம சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. கூப்பிட்டா என்னமோ ஒளறுனாரு. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டோம்."

நூர்ஜஹான் பேனாவை மூடினார். "எம்புட்டு நேரம் உக்காந்திருந்தாக?"

மேலாளர் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"அண்ணே, பெரியாஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்க. அடக்கம் நாளைக்கு ஆகட்டும்."

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. அதற்கு முன் காரணம் சொல்ல மாட்டேன். அதை மேலாளர் செய்துவிட்டார். காஜாவின் நினைவாக நான் வைத்திருப்பது, கையெழுத்தில்லாமல் நூர்ஜஹான் என்னிடம் கொடுத்த அந்தத் தாளை. அதில் காஜாவின் பெயரும் தேதியும் மட்டுமே பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. 'இயற்கை மரணம்' என்பது உட்பட மற்றவை எல்லாம் அச்சு. ஒற்றைத் தாளுக்காகச் சிவகாசியில் எந்த அச்சகமும் இயந்திரத்தை ஓட்டாது.