ஒரு நாள் தங்கிய பயம்

மாலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு அந்தப் பக்கம் திறந்தது. முதலில் தெரிந்தது ஒரு சப்பாத்து விளம்பரம். அதற்குக் கீழே, நாங்கள் மூன்று வாரமாகத் தேடிய எண்.

கல்முனைக்குடியில், சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து தள்ளிக் கட்டிய வீடு அது. யுத்தம் முடியப்போகும் வருடம். தம்பி பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, மாலையில் டியூசன் எடுத்துக்கொண்டே முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு எழுதினான். ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தத்துக்கு ஒப்ஷன் என்று பெயர். அந்த உரிமைக்கு ஆட்கள் கொடுக்கும் விலையை வைத்து, பங்கு இனி எவ்வளவு ஆடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டு எடுக்கலாம். தம்பி அதைப் பய எண் என்றான். கம்பனி தன் இலாப நட்டத்தை அறிவித்ததும் அந்த எண் எப்படி விழுகிறது என்பதே அவன் ஆய்வு.

எண்களை விற்கும் நிறுவனங்கள் எங்களுக்கு எட்டாதவை. இலவசம் என்று சொன்ன ஒரு தளம் கடனட்டை கேட்டது. இன்னொன்றில், பங்கு ஏற்கெனவே ஆடிய அளவுதான் இருந்தது, எதிர்பார்ப்பு இல்லை. கடைசியில் கிடைத்த பக்கம் இருபது நிமிடம் பிந்தி எண்ணைக் காட்டியது. ஆனால் நேற்றையதை வைத்திருக்காது. எனவே தினமும் கையால் எழுத வேண்டும்.

அந்த நேரம் தம்பி வகுப்பில் இருப்பான். நான் கொழும்புப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் மூத்த அக்கா, ராத்தா, எழுதினார். மகரிபு எனும் அந்தித் தொழுகையை முடித்து, அயல் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்று அமெரிக்கக் கம்பனிகளின் எண்களை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுவார். சந்தை திறந்த ஒரு நாளும் தவறவில்லை.

கம்பனிகளின் அறிவிப்புகள் வந்து முடிந்ததும் தம்பி கொப்பியோடு அண்ணனான என்னிடம் ஓடி வந்தான்.

"காக்கா, இஞ்ச பாருங்க. செய்தி வந்து முடிஞ்சிட்டு. பயம் போகல்ல. இன்னும் ஒரு முழு நாள் நிக்கிது. மூணு கம்பனியிலயும் அப்பிடித்தான்."

"அமெரிக்காக்காரனும் நம்மளப் போலதான்" என்றார் ராத்தா.

எனக்கும் அது சரியாகவே பட்டது. கடல் வந்துபோன பிறகு, மறுபடி வருகிறது என்று யாரோ கத்தியதற்கே மூன்று தடவை ஊரே ஓடியதை எழுதியவன் நான். இதை வைத்து அவன் எழுதிய நான்காம் அத்தியாயத்தை நானே திருத்திக் கொடுத்தேன். திகதிகளைப் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்த வாரம், பத்திரிகைக்கு ஒரு நாள்வரிசை தயாரிக்க மேசையில் கலண்டரை விரித்திருந்தேன். பக்கத்தில் ராத்தாவின் கொப்பி. அதில் சனிக்கிழமைகளுக்கு எண் இருந்தது. திங்கட்கிழமைகள் எதற்கும் இல்லை. சனிக்கிழமை அங்கே சந்தை பூட்டு.

ராத்தாவிடம் கேட்டேன்.

"பொழுது பட்டா நமக்கு அடுத்த நாள் தொடங்கிருமே, மகரிபுக்குப் பொறகு எழுதினா அந்தத் திகதிதானே? பிள்ளையள்ற வரவு இடாப்புக்கும் நான் அப்பிடித்தான் போடுற."

ஒவ்வொரு எண்ணும் ஒரு நாள் பிந்திய திகதியில் இருந்தது. திகதிகளைப் பின்னுக்கு நகர்த்தியதும், செய்தி வந்த பிறகு திறந்த முதல் சந்தையிலேயே பயம் விழுந்திருந்தது. எல்லாப் பாடப்புத்தகத்திலும் சொல்லியிருப்பதுபோலவே.

தம்பி கொப்பியையும் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆய்வை ஒப்படைக்க இரண்டு நாள் இருந்தது. பிரதான வீதியில் பட்டாசு வெடித்தது. ராத்தா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"இத ஆரு காக்கா கலண்டர வெச்சிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்திட்டன்."

"நீங்க பேப்பர்காரன். ஆய்வப் பாக்கிறவங்க அப்பிடியில்ல."

"ஓம். அப்ப இப்பிடியே கொண்டுபோய்க் குடு."

அவன் எழும்பவில்லை.

"என்ட பிழைதானே" என்றார் ராத்தா. "நான்தான் மாத்தி எழுதின எண்டு அவங்களுக்கு எழுதிக் குடுக்கட்டா?"

"சும்மா இரிங்க ராத்தா. ஓதிக்குடுக்கிற என்ட ராத்தா அமெரிக்காச் சந்தைய ஒரு நாள் தள்ளி வெச்சிட்டாங்க எண்டு நான் போய்ச் சொல்லவா?"

ராத்தா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவனே கணினியில் நான்காம் அத்தியாயத்தை அழித்தான். மிச்சம் நாற்பத்தொரு பக்கம். பல்கலைக்கழகம் கேட்டிருந்தது குறைந்தது அறுபது.