ஓடையில் ஊறப்போட்ட மிளகு

எனக்கு ஏழு வயசிருக்கும்போது, எங்கள் அக்காவை வெள்ளையாக்கிவிடலாம் என்று நம்பினேன். நம்பினதோடு நிற்காமல் அதற்கான வேலையிலும் இறங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. மலைமேல், திருப்புலி நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் சாமைக் காடும், பலா மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் இருந்தன. மிளகைப் பறித்துக் காயப்போட்டால் கறுத்துச் சுருங்கும். அதுதான் மிளகு என்று இருந்தோம். அந்த வருசம் மலையடிவாரத்துக் கீழ்நாட்டிலிருந்து வந்த வியாபாரி புதிதாக ஒன்று கேட்டார். பழுத்துச் சிவந்த மிளகைச் சாக்கில் கட்டி, ஓடும் தண்ணீரில் எட்டு நாள் ஊறப்போட வேண்டுமாம். பிறகு காலால் மிதித்தால் தோல் கழன்று உள்ளேயிருந்து வெள்ளை மிளகு வருமாம்.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்றார் அப்பா.

"தொரைமாருக்குச் சோத்துல கறுப்பாப் புள்ளி தெரியக் கூடாதாமுங்க. மிளகு அதே மிளகுதான். கறுப்பு மட்டும் ஆகாது."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் அந்நாளில் கறுப்பைப் பற்றித்தான் பேச்சு.

அக்காவுக்குப் பதினாலு முடிந்திருந்தது. பிறந்தபோதே அவளைப் பெரக்கரை நாட்டு அத்தை மகனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். தோரணமலைப் பாதையா, காட்டுப் பாதையா, யார் அந்தப் பக்கமிருந்து வந்தாலும் அக்கா ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடருவாள். அந்த அத்தை மகன் வியாபாரியின் மூட்டைகளோடு கீழ்நாட்டுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தான்.

சாக்குகளை ஓடையில் இறக்கிய அன்றைக்கு அத்தை வந்தாள். வாசலில் நின்றபடியே, அக்கா காதில் விழும்படி, "ஏனுங்கண்ணா, மிளகையே வெள்ளையாக் கேக்கறாங்களாமா? எம்பையனும் இப்ப அப்படித்தான் கேக்கறான். கீழ்நாட்டுல நாலு பொண்ணுகளைப் பாத்துப்போட்டு வந்தவன்" என்றாள். செம்மேட்டுச் சந்தை முடிந்த மறுநாள் வருவதாகவும், பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தை எங்கள் அப்பா நிறம். அப்பா அக்கா நிறம். களிப்பானையின் அடியை மூன்று தடவை பார்த்த மாதிரி இருக்கும். நானும் அதே பானைதான். இது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அம்மா அக்காவை வெயிலில் விடவில்லை. மஞ்சளை அரைத்து அரைத்துப் பூசினாள். அக்கா கறுப்பாகவும் மஞ்சளாகவும் இருந்தாளே ஒழிய வெளுக்கவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஓடைக்கு ஓடிச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பேன், திரும்ப ஓடிவந்து அக்காவைப் பார்ப்பேன். சந்தைக்கு மறுநாள் என்றால் சரியாக எட்டு நாள். மிளகுக்கும் எட்டு நாள்தானே.

அத்தை வந்துபோன அன்று சாயங்காலமே, தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் சொல்லிவிட்டேன். "அக்கா, நீயும் ஊறுனீன்னா வெளுத்துருவே."

தலையில் குட்டுவாள் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அவள் சாக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடியறப்ப இங்க யாரும் வரமாட்டாங்கல்ல?" என்றாள்.

தை மாசக் குளிர். எதிரில் நிற்கும் மரம் தெரியாத மூடுபனி. அக்கா மிளகுச் சாக்குகளுக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். பல் கிட்டித்தது. நான் காவல். பாதைவரை ஓடுவேன், பாறைக்கு வருவேன், மறுபடி ஓடுவேன். மூன்றாம் நாள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அக்கா, ஆரம்பிச்சிருச்சு!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசு சாமி" என்று சிரித்தாள். நடுக்கத்தில் சிரிப்புத் துண்டு துண்டாக வந்தது.

ஆறாம் நாள் ஊறிவிட்டு வந்து படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. அம்மா மிளகைத் தட்டிக் கஷாயம் வைத்தாள், கறுப்பு மிளகு. இன்னும் ரெண்டு நாள் பாக்கியிருக்கிறதே என்று நான் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சொன்னபடி அத்தை வந்தாள். அக்காவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அத்தை அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். அப்படியும் இப்படியும் பார்த்தாள்.

"பரவால்லியே, நல்லா வெளுத்திருக்காளே! எம்பையங்கிட்டச் சொல்லிப்போடறேன். தை முடியறதுக்குள்ள வெச்சுக்கலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஓடையைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

அப்போதுதான் அக்கா பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"இது காய்ச்சலுங்க அத்தை. விட்டதும் மறுபடி கறுத்துருவனுங்க."

"காய்ச்சல்ல பெனாத்துறா" என்றாள் அம்மா அவசரமாக.

"இல்லீங்கம்மா. பின்னால ஏமாத்திட்டோம்னு பேச்சு வரக் கூடாது. நா உங்க நெறந்தானுங்க அத்தை. நல்லாப் பாத்துக்கோங்க."

அத்தையின் கை தாடையை விட்டது. அந்தக் கையை அவளே ஒரு முறை பார்த்துக்கொண்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். பங்குனியில் அவள் மகனுக்குக் கீழ்நாட்டுப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. எங்களுக்கு அழைப்பு வந்தது, நாங்கள் போகவில்லை.

அத்தை வந்துபோன பிறகு ரெண்டு நாள் தள்ளித்தான் சாக்குகளைப் பிரித்தோம். அதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா அவளோடு பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. மிதிக்க மிதிக்கத் தோல் கழன்று வெள்ளை மிளகு வந்தது, வியாபாரி சொன்னது அப்படியே. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டது.

"ஆறு நாள்ல அவ்வளவு வெளுத்துட்டே. எதுக்கு வாயத் தொறந்து கெடுத்தே?"

அக்கா குனிந்து மிளகை அலசிக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு கண்ணு" என்றாள்.

பாக்கி ரெண்டு நாள் குளிருக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடவே நானும் தண்ணீரில் உட்கார்ந்திருப்பேனே என்றும் நினைத்தேன். வெகு காலம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.