மைக்கில் விழுந்த அடி

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை, என் நாத்தனார். மாமியார் கண்ணை மூடியபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. பேன் பார்த்தது, சடை பின்னியது, வயதுக்கு வந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியது எல்லாம் நான்தான். பிறகு ஒருநாள் அவளுக்காக ஒருவன் கையையும் உடைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவளை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் குரல்தான் வரும். திருமழிசையில் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் இருக்கிற எஸ்டேட்டுக்குப் பின்னால் நான்கே தெரு எங்கள் காலனி. தண்ணீர் லாரி நெடுஞ்சாலையில் திரும்பும்போதே இவள் கூவுவாள்: "வந்துட்சி, எந்திரிங்கடி!" தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு குரல். அதற்குத்தான் காலனி விழிக்கும். குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தவளை அவள் திட்டுகிற திட்டு கடைசித் தெருவுக்கும் கேட்கும். எங்களுக்குத் தனியாக மணிக்கூண்டு தேவைப்படவில்லை.

அந்தச் சமயம், எண்பதுகள் முடிந்து தொண்ணூறு பிறந்த காலம், வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்கள் மாதா கோயில் மண்டபத்து இளைஞர் மன்றத்துக்கு உதவித்தொகை கொடுத்தது. டேப்ரெக்கார்டர், மைக், ஆம்ப்ளிஃபயர், கூரைமேல் கட்ட ஒரு புனல் ஸ்பீக்கர் எல்லாம் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் "காலனிச் செய்தி" வாசிப்பார்கள். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்தத் தெருவில் சாக்கடை அடைத்தது, ரேஷனில் என்ன போடுகிறார்கள் என்று வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற என்னைப் போன்றவளுக்கு அதுதான் பேப்பர். பயிற்சி கொடுக்கப் பட்டணத்திலிருந்து ஒரு மேடம் வருவார். நல்ல பொம்பளைதான். பிரச்சினையைச் சொல்கிறவர் பெயரை வெளியே விடக்கூடாது, "ஒரு பெண் தொழிலாளி" என்று சொன்னால் போதும், அவருக்கு ஆபத்து வராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

நாத்தனார் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். காலால் மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி, தகட்டிலிருந்து வாஷர் வெட்டிப் போடும். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று அவளை வேலைக்கு எடுத்த காண்டிராக்டர் அதைக் கழற்றி எறிந்துவிட்டான். ஒருநாள் தகட்டோடு சேர்த்து அவள் இடது கையில் மூன்று விரல்களை இயந்திரம் தின்றது. எண்ணெய் துடைக்கிற பஞ்சில் விரல்களைச் சுற்றி, தானே கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். கரையான்சாவடி ஆஸ்பத்திரியில் காண்டிராக்டரின் ஆள் முந்திக்கொண்டு, "ஊட்ல அருவாமணைல மீனு அரிஞ்சிகினு இருந்திச்சி டாக்டர்" என்றான். டாக்டரும் அப்படியே எழுதினார். விரலும் போய், விரல் போன கதையும் பொய்யானது.

காயம் ஆறியதும் மன்றத்துப் பிள்ளைகள் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். நடந்ததை எல்லாம் அவள் சொன்னாள். மேடம் சொன்னது போலவே பிள்ளைகள் பெயரை எடுத்துவிட்டார்கள், தெருவை எடுத்துவிட்டார்கள். ஞாயிறன்று, "ஒரு பெண் தொழிலாளி பேசுகிறார்" என்று அறிவித்து டேப்பை ஓட்டினார்கள். முதல் வார்த்தை விழுந்ததும் தெருமுனையில் எதிர்வீட்டுக்காரி சிரித்தாள்: "அய்ய, இது நம்ம லாரி சைரன் இல்ல?" நான்கு தெருவும் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தது. பெயரை மறைத்த பிள்ளைகளுக்குக் குரலை மறைக்கத் தோன்றவில்லை. பட்டணத்தில் அது செல்லுமோ என்னவோ, இருமினாலே ஆளைச் சொல்லிவிடுகிற காலனியில் எப்படிச் செல்லும்?

மறுநாளே காண்டிராக்டரின் ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் சைக்கிள் செயினைச் சுற்றியிருந்தான். அடுப்பிலிருந்த சோற்றுப்பானையை எட்டி உதைத்தான். கொதிக்கிற கஞ்சி என் காலில் கொட்டியது.

"இன்னா அண்ணி, உன் நாத்தனா வாய்க்குப் பூட்டு கீட்டு இல்லியா? வர்ற ஞாயித்துக்கெயம அதே மைக்குல அருவாமணைன்னு சொல்லணும். இல்லாங்காட்டி மீதி ரெண்டு வெரலும் அருவாமணைலயே பூடும்."

"காலை எடுடா என் ஊட்ட உட்டு" என்றேன். கன்னத்தில் அறைந்தான். கடைவாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

என் வீட்டுக்காரர் சாந்தமான மனிதர். "சொல்லிட்டுப் போவட்டும், உசுரு முக்கியம்" என்றார். மேடமும் ஓடி வந்தார். சண்டை வருகிற செய்தி போட்டால் உதவித்தொகையே நின்றுவிடும், மரம் நடுவது, சுத்தம், படிப்பு இவற்றை மட்டும் வாசிக்கலாமே என்றார். நாத்தனார் கொட்டிக் கிடந்த சோற்றை ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில், "சரி, சொல்றேன்" என்றாள். இப்படித் தலை குனியவா இவளை வளர்த்தேன் என்று அன்று நான் சாப்பிடவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மண்டபத்து வாசலில் மைக் வைத்தார்கள். செயின்காரனும் அவன் கூட்டாளிகளும் சோடா பாட்டில்களோடு பக்கத்திலேயே நின்றார்கள். அவள் கட்டுப் பிரித்த கையைத் தூக்கிக் காட்டி மைக்கைப் பிடித்தாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். அப்பன் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் சொன்னாள். "அருவாமணைன்னு சொல்லச் சொல்லி நிக்கிறானுங்க. கேட்டுக்கோங்க, என் வெரல தின்னது பிரஸ்ஸு. கம்பியக் கயட்டனது காண்டிராக்டரு" என்றாள்.

செயின் அவள் முகத்தைச் சுற்றி விழுந்தது. இழுத்தபோது காது கிழிந்து தொங்கியது. சோடா பாட்டில் சுவரில் வெடித்தது. அவள் விழுந்தாள், மைக்கும் கூடவே விழுந்தது. ஆனால் அது அணையவில்லை. அணைக்கப் பாய்ந்தவனை மன்றத்துப் பிள்ளைகள் நாலு பேர் கட்டிப் புரண்டார்கள். ஒருத்தன் அவன் தோளைக் கடித்தே பிடித்திருந்தான். செயின் விழும் சத்தம், அவள் அலறல், அவர்களுடைய கெட்ட வார்த்தை, எல்லாம் புனல் ஸ்பீக்கர் வழியாக நான்கு தெருவுக்கும், நெடுஞ்சாலை பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

மண்டபத்துக்கு எதிரே அடிபம்பு ஒன்று இருந்தது. அதன் கைப்பிடிக்கு ஆணி கிடையாது, இழுத்தால் கையோடு வந்துவிடும். உருவிக்கொண்டு ஓடினேன். மறுபடி செயினை ஓங்கியவன் முழங்கையில் என் பலம் கொண்ட மட்டும் இறக்கினேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம். அதுவும் மைக்கில் கேட்டது. அதற்குள் பெண்கள் அகப்பைக் காம்பு, துடைப்பம், அம்மிக் குழவி என்று கையில் கிடைத்ததோடு தெருத்தெருவாக வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவள் குரல் கேட்டுத்தான் வந்தார்கள், லாரிக்கு வருகிற மாதிரி. அந்த ஆட்கள் எங்கள் கால் நடுவே தவழ்ந்துதான் வெளியே போனார்கள். போலீஸ் என்னையும் வண்டியில் ஏற்றியது. ஏறும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்துதான் ஏறினேன்.

கேஸ் இழுத்தது, பிறகு சமாதானமானது. ஸ்டேஷனில் அத்தனை பேர் போய்ச் சொன்ன பிறகு தொழிற்சாலை அதிகாரிகள் வந்து பார்த்து, பிரஸ்ஸுக்கெல்லாம் தடுப்புக் கம்பி மாட்ட வைத்தார்கள். உதவித்தொகை நின்றுபோனது. அடிதடி நடந்த இடத்துக்குக் கொடுக்க மாட்டார்களாம். மேடம் அழுதுகொண்டே வந்து ஸ்பீக்கரைக் கழற்றினார். பணம் கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தந்த மைக் இல்லாவிட்டால் அன்று அவள் செத்திருப்பாள். பேச வாய் கொடுத்துவிட்டு, பேசினதும் பயந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாத்தனாருக்கு அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை. அதனால் இன்னும் சத்தமாகப் பேசினாள். இடது கையில் மீதி இருந்த இரண்டு விரலை வைத்தே பூ கட்டினாள், இட்லி விற்றாள், போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். இப்போது மண்டபத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு செய்தி பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டில் அடி விழுந்தால்கூடக் காதில் மாட்டியதைக் கழற்றுவதில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிய பேத்தி பேனாவை மூடிவிட்டுக் கேட்கிறாள்: "இன்னா ஆயா, சின்ன ஆயா பேரையே நீ சொல்லலியே?"

"அத அவளே மைக்குல சொல்லிட்டா. அவ சொன்ன மாதிரி என்னால சொல்ல முடியாதுடி. எய்துனத மொதல்லேருந்து படி. வாய்க்குள்ளயே முணுமுணுக்காத. எந்திரிச்சி வாசல்ல நின்னு படி, தெருவுக்குக் கேக்கட்டும்."