கேஷியரக்காவின் கட்டாத கடை

பால் பெட்டியை அன்று காலையும் இடம் மாற்றினார் கேஷியரக்கா. முந்தின நாள் அது வாசலுக்கு இடப்பக்கம் இருந்தது. இப்போது கடைக்கோடிச் சுவருக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. குனிந்து நான்கு செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய், புதிய மூலையில் சதுரமாக வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பி வந்தார். வாசல் என்பது இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே கயிறு கட்டாமல் விட்ட இடம். அங்கிருந்து புதிதாகக் கடைக்கு வருபவர் போல உள்ளே நடந்து, செங்கற்களின் முன் நின்று, இல்லாத கண்ணாடிக் கதவைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பினார்.

"பாலுக்கு வர்றவங்க பாலை மட்டும் எடுத்துட்டுப் போயிடக் கூடாது. உள்ள நடக்க விடணும். நடந்தாத்தான் வீட்ல சோப்பு இல்லங்கிறது ஞாபகம் வரும்" என்றார், யாரும் கேட்காமலே.

இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலையில் உள்ள காலி மனை அது. அப்பா விட்டுப்போனது. பெருந்தெருவைப் பார்த்த முன்பாதி அக்காவுக்கு, சந்துப் பக்கம் பார்த்த பின்பாதி தம்பிக்கு. முழு மனையையும் கடைக்கென்று சேர்த்து, தன் பாதியில் கட்டடம் கட்டி, விடியும் முன்பிருந்து ஊர் அடங்கிய பிறகும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். நகராட்சிக்குக் கொடுத்த கட்டட அனுமதி விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடையில் என்னென்ன இருக்கும் என்று கேட்டால், தீப்பெட்டியில் தொடங்கி மூச்சு விடாமல் சொல்வார். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால் மட்டும் நகராட்சிக் கட்டடம் இருக்கும் திசையைக் கை காட்டுவார்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடையில் பில் போடும் வேலையில் இருந்தவர் அவர். மூன்றாவது மேஜை அவருடையது. அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் மேஜையின் பழக்கங்கள் அவரை விட்டுப் போகவில்லை. யார் எதைக் கையில் கொடுத்தாலும் உடனே புரட்டி, அடியில் விலைக்கு ஸ்கேன் செய்யும் கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பக்கத்து வீட்டார் கொடுத்த சாவிக்கொத்தும் தப்பவில்லை, மருந்துச் சீட்டும் தப்பவில்லை. தொழிற்சாலையில் காவலாளியாக இருக்கும் அவருடைய கணவர், "தங்கச்சி குழந்தையை முதமுதல்ல கையில குடுத்தாங்க. இவ குழந்தையோட முதுகைத் திருப்பிப் பாத்தா. நான் பாத்தேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். "துணி சரியாச் சுத்தியிருக்கான்னு பாத்தேன்" என்பது அக்காவின் பதில். இந்த வழக்கு அவர்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "வீட்ல இன்னைக்கு என்ன தீந்து போச்சு?" என்று கேட்பார். வம்புக்காக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலில். பில் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொருவர் கூடையையும் பார்த்து அந்த வீட்டின் நிலவரத்தை ஊகித்துக்கொண்டிருந்தவர் அவர். கூடைகள் நின்றுபோன பிறகு வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது. மனிதர்களும் சளைக்காமல் சொன்னார்கள். டார்ச் பேட்டரி தீர்ந்த வீடு, பேனா மை தீர்ந்த வீடு, கொசுவத்திச் சுருளில் அரைச் சுருள் மட்டும் மிச்சமிருக்கும் வீடு என்று தெருவே அவர் தலைக்குள் இருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் மட்டும் பிடி கொடுக்க மாட்டார். ஓய்வு பெற்றவர், கணக்கு டீச்சர்.

"டீச்சர், உங்க வீட்ல இன்னைக்கு என்ன தீந்துச்சு?"

"பொறுமை."

"அது சரக்கு வரலை டீச்சர். வந்தா முதல் பாக்கெட் உங்களுக்குத்தான்."

இந்த டீச்சர்தான் நகராட்சிக்கு ஆட்சேபணை மனு கொடுத்திருந்தார். 'மேற்படி கடையின் விளக்கு வெளிச்சம் இரவு முழுவதும் என் படுக்கையறையில் விழுகிறது' என்பது மனுவின் வாசகம். மேற்படி கடையில் அப்போது நாலு முளைக்குச்சியும் கொஞ்சம் செங்கல்லும்தான் இருந்தன. நகராட்சி அந்த மனுவை மறுக்கவில்லை. விளக்கின் உயரம் என்ன என்று அக்காவிடம் விளக்கம் கேட்டு ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தது.

தள்ளிப்போனது அது முதல் தடவை அல்ல. திட்டக் குழு மாதம் ஒரு முறை நகராட்சி மாடியில் கூடும். முதலில் குழுத் தலைவர் மாறினார். புதியவர் எல்லாக் கோப்புகளையும் ஆரம்பத்திலிருந்து படிக்க விரும்பினார். பிறகு வரைபடத்தில் வடக்கு எது என்று அம்புக்குறி இல்லை என்றார்கள். அம்புக்குறி போட்டதும் விளக்கு வந்தது. விளக்குக்குப் பதில் எழுதியதும், சரக்கு இறக்குவது பற்றித் தெளிவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. 'சரக்கு இறக்கப்படும்' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார் அக்கா. பெருந்தெருவில் லாரி வந்து நிற்கும், இறக்கும், போகும். இதில் தெளிவாக என்ன இல்லை என்று அவருக்கு விளங்கவே இல்லை.

ஒவ்வொரு முறை போய்க் கேட்கும்போதும் குமாஸ்தா தலையைத் தூக்காமல், "பரிசீலனையில இருக்கும்மா" என்பார்.

ஒருநாள் அக்கா கேட்டுவிட்டார். "பரிசீலனை எந்த மாடியில இருக்கு சார்? நானே ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

குமாஸ்தா அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். ஆனாலும் மாடி எண் கிடைக்கவில்லை.

கடைசியாக வந்தது நோட்டீஸ். ஆள் இல்லாத நேரத்தில் யாரோ வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கயிற்றையும் செங்கற்களையும் படம் பிடித்திருக்கிறார்கள். அனுமதி பெறாமல் அடித்தளப் பணி தொடங்கப்பட்டுள்ளது, கட்டுமானத்தை அகற்றி ஆய்வுக்கு உட்படுத்தும் வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. பால் பெட்டியும் பில் மேஜையும் சோப்பு வரிசையும் கட்டுமானமாகிவிட்டன.

நோட்டீஸைப் படித்துச் சிரித்தவர் தம்பி. லாரி ஓட்டுபவர். வெளியூர் போய்விட்டு வந்த அலுப்போடு அக்கா வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"கட்டாத கடையை இடிக்கச் சொல்றாங்க. இதுக்கு மேலயும் ஒனக்குப் புரியலயாக்கா?"

"இடிச்சுட்டாப் போச்சு. நாலு கல்லுதானே."

"நாலு கல்லு இல்ல. நாளைக்கு நாலு குச்சி, அப்புறம் நாலு கேள்வி. சந்துல இருக்கிற பல் டாக்டர் கார் நிறுத்த என் பாதியைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. எத்தனை தடவை இல்லன்னு சொல்றது? ஓடி ஓடி அலுத்துப் போச்சுக்கா எனக்கு. ஒரு வேலையாவது முடிஞ்சுதுன்னு இருக்கணும்."

தம்பி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இந்த ஆய்வு நடக்கட்டும். அதுலயும் இழுத்தாங்கன்னா நான் கையெழுத்தை வாபஸ் வாங்கிடறேன். கோவிச்சுக்காத."

ஒரு கையெழுத்து போனால் விண்ணப்பமே விழுந்துவிடும். அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் அக்கா கடையை இடித்தார். அதையும் முறைப்படிதான் செய்தார். முதலில் சோப்பு வரிசை, பிறகு பிஸ்கட், முட்டைத் தட்டுகள், பால் பெட்டி. பில் மேஜையைக் கடைசியில் எடுத்தார். செங்கற்களை ஓரமாக அடுக்கிவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றபோது மனை முன்பைவிடச் சிறியதாகத் தெரிந்தது. டீச்சர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை.

ஆய்வுக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, மனையை இரண்டு பக்கமும் பார்த்தார். தம்பி தன் லாரியைச் சந்தில் நிறுத்தி, அதன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இடிச்சது எங்கம்மா?"

"நீங்க நிக்கிறதுதான் சோப்பு வரிசை மேடம்."

அதிகாரி நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்தார். எடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "அப்ப பால் எங்க இருந்துச்சு?" என்றார்.

அக்கா காட்டினார். கையை அகல விரித்துப் பெட்டியின் அளவையும் காட்டினார்.

"நாப்கின் எங்க வைப்பீங்க?"

"பில் மேஜைகிட்ட வைக்க மாட்டேன் மேடம். கேட்டு வாங்குற மாதிரியும் வைக்க மாட்டேன். உள்ள தள்ளி, கைக்கு எட்டுற உயரத்துல. பக்கத்துலயே பொடி டப்பா, சீப்பு எல்லாம் இருக்கும். யார் எதை எடுக்கிறாங்கன்னு யாருக்கும் தெரியாது."

அதிகாரி மெல்லத் தலையாட்டினார். மெழுகுவத்தி எங்கே என்று கேட்டார். குழந்தைகள் கண்ணில் மிட்டாய் படாதபடி வைக்க முடியுமா என்று கேட்டார். "படாம வச்சா யாரு மேடம் கடைக்கு வருவா? ஆனா அம்மாங்க திட்டாத உயரத்துல வைப்பேன்" என்றார் அக்கா. வேலை நேரத்தில் வந்தவர் போல அதிகாரி பேசவில்லை, கடைக்கு வந்தவர் போலப் பேசினார். அக்காவும் வெறும் மண்ணில் நடந்து நடந்து ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டினார்.

அப்போது லாரிப் படியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. அந்தக் கடையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"அக்கா, சரக்கை எந்தப் பக்கம் இறக்குவ?"

"வாசல்லதான்."

"எந்த வாசல்ல?"

"ஒரு வாசல்தானேடா இருக்கு."

"அதான் கேக்கிறேன். ஜனம் நிக்கிற வாசல்ல மூட்டையைத் தூக்கிட்டு, பில் மேஜையைத் தாண்டி, முட்டைத் தட்டை இடிச்சுக்கிட்டா வருவான் ஆளு? அதுவரைக்கும் பெருந்தெருவுல லாரி குறுக்கால நிக்குமா?"

அக்காவின் கை தானாகப் பின்பக்கச் சுவர் இருந்த இடத்தைக் காட்டப் போய்ப் பாதியில் நின்றது. அந்தச் சுவரில் அவர் கதவே வைக்கவில்லை. கயிறு கட்டிய நாளிலிருந்து பால் பெட்டி எட்டு இடத்துக்கு மாறியிருக்கிறது. சரக்கு உள்ளே வரும் வழி ஒரு தடவைகூட அவர் மனதில் வரவில்லை.

"பெரிய கடைக்குக் காலையில நான் போறப்ப அலமாரியெல்லாம் நெறஞ்சிருக்கும்டா" என்றார் மெதுவாக. "யாரு, எப்ப, எந்த வழியாக் கொண்டாந்தாங்கன்னு நான் திரும்பிப் பாத்ததே இல்ல."

"நான்தான் கொண்டாந்தேன்."

"என்னது?"

"ஒங்க கடைக்குத்தான். பின்பக்கமா. விடியுறதுக்குள்ள இறக்கிட்டுப் போயிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமேடா!"

"நீ எங்க கேட்ட? தெருவுல போறவங்களத்தான் நிறுத்தி நிறுத்திக் கேப்ப."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னார். "குழுவும் இதைத்தாம்மா கேட்டிருக்கு. நீங்க 'சரக்கு இறக்கப்படும்'னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அதைப் படிச்சு மாடியில எல்லாரும் ஒரு மணி நேரம் முழிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அதை முதல்லயே தமிழ்ல கேட்டிருக்கலாம்ல மேடம்!"

"கடிதத்துல இருந்துச்சும்மா."

"இருந்துச்சு. ஆனா கேக்கல."

அதிகாரி ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, சந்துப் பக்கம் நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு அக்கா பாதியைத் தாண்டி, தம்பியின் பாதிக்கு நடந்து போய், அதன் நடுவில் நின்று சந்தின் அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

தம்பி லாரிப் படியிலிருந்து இறங்கினார். மனையின் ஓரத்தில், சந்து தொடும் இடத்துக்கு வந்தார்.

"இங்கிருந்து ரிவர்ஸ் எடுத்தாப் போதும். பெருந்தெருவுக்கே வர வேணாம்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"கல்லு கில்லு வச்சுடாதடா, மறுபடி நோட்டீஸ் வந்துடும்" என்று அக்கா பதறினார்.

தம்பி கல்லைத் தொடவில்லை. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை மண்ணில் அழுத்தி, பின்பக்கமாக நடந்தபடி, தன் பாதியின் நடுவே அக்காவின் பின்சுவரை நோக்கி லாரி வரும் வழியாக நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தார். கோடு அதிகாரியின் காலடி வரை வந்து நின்றது. அதிகாரி குனிந்து அதைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி, கோட்டுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.