மாப்பிள்ளை விசாரிக்கப் போன இரவு

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆளை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். நாகர்கோவிலில் ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். பெயர் ரசலையன். டிக்கெட் இல்லாதவன் எப்படித் தூங்குவதுபோல நடிப்பான், எந்த இடத்தில் இருமுவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வண்டிக்குள் ஒரு ஆள் ஏறினால், திரும்பிப் பார்க்காமலே ஸ்பிரிங் அமுங்குவதை வைத்துச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் கண்ணுக்கும் காதுக்கும் நேராக நடந்தது இது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

1953, மாசி மாதம். என் தங்கை செல்லபாய்க்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை குமாரதாஸ் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியவன். கையில் காசு, வாயில் எப்போதும் ஜெபம், பார்க்கவும் லட்சணமான ஆள். யுத்தம் முடிந்து ஏலம் விட்டபோது ஒரு ராணுவ ஆம்புலன்ஸ் வேனை வாங்கி, அதற்குள் படுக்கை, ஸ்டவ், அலமாரி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருந்தான். கூடவே ராணுவத்து மடக்குப் படகு ஒன்று. மரச்சட்டத்தின்மேல் கான்வாஸ் துணி. விரித்து மாட்டினால் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். மாதம் ஒருமுறை இந்தச் சாமான்களோடு மேற்குக் கடற்கரைப் பக்கம் தனியாகப் போய்விடுவான். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பான்.

சும்மா போகிறவன் எவனையும் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்றுதான் என் மனசு சொன்னது.

அப்பா காலமாகிவிட்டார். நான் சரி என்று சொன்னால் அடுத்த ஞாயிறு ஆராதனையில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால் கல்யாணம். நான் ஏமாந்தால் செல்லபாய் ஆயுசு முழுக்க அழ வேண்டும்.

இந்த நேரத்தில் அவனே வந்து கூப்பிட்டான்.

"மச்சான், ரெண்டு நாளு கூட வாருங்க. தேங்காப்பட்டணத்துல ஆறு கடல்ல சேருற எடத்துல மண்ணு மூடி பொழி அடைஞ்சு கெடக்கு. ஆறு இப்ப கொளம் மாதிரி. படகுல போலாம்."

கள்ளனே வந்து வீட்டுச் சாவியை நீட்டுகிறானே என்று நினைத்தேன். அம்மா வாசல்வரை வந்தாள்.

"நல்லா விசாரிச்சிட்டு வா மக்களே."

சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். தேங்காப்பட்டணம் ஊருக்கு ஒரு மைல் முன்னால், ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் வேனை நிறுத்தினான். அவன் தண்ணீர் எடுக்கப் போனதும் நான் வேலையை ஆரம்பித்தேன். அலமாரியில் தேடினேன். வளையல் துண்டு, பூ, நீள முடி ஒன்றும் இல்லை. ஆனால் மேல் படுக்கையில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. கை வைத்தேன். நனைந்து ஊறிக் கிடந்தது. ஆற்றுச் சேற்று நாற்றம்.

"பாய் எப்படி நனைஞ்சுது?" என்று கேட்டேன்.

"மழைக்கு ஒழுகிச்சு மச்சான்."

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாயங்காலம் படகை மாட்டி ஒரு சுற்றுப் போனோம். நான் முன்னால், அவன் பின்னால். அந்தப் படகில் முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் இருப்பவனைப் பார்க்க முடியாது. திரும்பினால் படகு சாயும். அவன் பேச்சு மட்டும் ஓயாமல் கேட்டது. வலது தோளில் மரம் விழுந்து கை முழுசாகத் தூக்க வராதாம். இடது பக்கமே துடுப்புப் போட்டு மூச்சு வாங்கினான்.

"எனக்குப் பொறவு இந்தப் படகுல ஏறுன மொத ஆளு நீங்கதான் கேட்டியளா" என்றான்.

என் கையிலிருந்த துடுப்பைப் பார்த்தேன். பிடித்துப் பிடித்து அதன் பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. முதல் ஆளாம். யாரிடம் கதை விடுகிறான்!

ஏழு மணிக்கு வேனுக்குள் ஜெபம் செய்தோம். ஸ்டவ்வுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பின் கதவு சாத்தியிருந்தது. கண்ணை மூடி அவன் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே வண்டி பின்பக்கம் மெல்ல அமுங்கியது. ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. ஒரு ஆள் ஏறியிருக்கிறான்... சத்தியமாகச் சொல்வேன், ஒரு முழு ஆள்.

கதவு திறந்த சத்தம் இல்லை.

ஜெபம் முடிந்தது. "ஆமென்" என்றான் அவன். "ஆமென்" என்றேன் நான்.

கொஞ்சம் பொறுத்து, மேல் படுக்கைப் பக்கம் இருந்து...

"ஆமென்."

ஆண் குரல். நிதானமான குரல்.

கண்ணைத் திறந்தேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. குமாரதாஸ் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவன் மேலுதட்டில் வேர்த்திருந்தது.

"யாரது?" என்றேன்.

"எதிரொலி மச்சான். தகர வண்டிலா."

என் ஆமெனுக்கு மட்டும் எதிரொலி இல்லாமல் போனதெப்படி? டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வேனைச் சுற்றிப் பார்த்தேன். அடியில் குனிந்து பார்த்தேன். அப்போதும் எனக்குப் பேய் என்ற நினைப்பே வரவில்லை. பெண் இல்லை என்றால் வேறு கூட்டாளி. கள்ளக்கடத்தல் ஏதோ நடக்கிறது, ஒருவனை ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. இன்றைக்கு விடக் கூடாது, கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கஞ்சி குடித்து முடித்ததும் அவனே கூப்பிட்டான்.

"காத்து அடங்கியாச்சு. நிலாவும் இருக்கு. ஒரு நடை போயிட்டு வருவமா?"

படகு கரையில் பாதி தண்ணீரில் கிடந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு பத்து.

"இரியுங்க, லைட்ட எடுத்துட்டு வாறேன்" என்று அவன் வேனைப் பார்த்து நடந்தான்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. படகு தள்ளப்பட்டது. பின்பக்கம் அமுங்கியது. அதற்குள் வந்துவிட்டானா என்று நினைத்தேன்.

சளக்... சளக்...

துடுப்பு விழுந்தது. படகு ஊர்ப்பக்கமாகப் போனது. நிலா வெளிச்சத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நானும் துடுப்பைப் போட்டேன். பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்குவோம் என்று ஆரம்பித்தேன்.

"மலாயாவுல கல்யாணம் கில்யாணம் உண்டுமா?"

பதில் இல்லை.

"மாசா மாசம் இங்க வாறது யாரப் பாக்க?"

பதில் இல்லை. சளக்... சளக்... ஓயாமல் பேசுகிறவன் இப்போது ஊமையாகிவிட்டான். மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் கவனித்தேன். சத்தம் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மாறி மாறி. ஒரே பலத்தில்.

வலது கை தூக்க வராது என்றானே?

என் பிடரியில் தண்ணீர் சொட்டியது. துடுப்பு மாறும்போது சொட்டுகிறது என்று துடைத்துக்கொண்டேன். மறுபடி சொட்டியது. ஐஸ் மாதிரி இருந்தது.

அப்போது கரையில் ஒரு வெளிச்சம். அரிக்கேன் விளக்கு ஒன்று தென்னைகளுக்கு நடுவே ஆடி ஆடி ஓடி வந்தது. அதைப் பிடித்திருந்தவன் முகம் தெரிந்தது.

குமாரதாஸ்.

கரையில் ஓடிக்கொண்டிருந்தான்.

என் கை நின்றுவிட்டது.

பின்னால் நிற்கவில்லை.

சளக்... சளக்...

திரும்ப வேண்டும். முடியவில்லை. வாயில் ஜெபம் வரவில்லை. செல்லபாய் முகம் மட்டும் வந்தது.

குமாரதாஸ் கரையிலிருந்து கத்தினான். என்னைக் கூப்பிடவில்லை.

"ஜான்ரோஸே... ஏ ஜான்ரோஸே...!"

யார் ஜான்ரோஸ்?

தோப்பு முடிகிற இடத்தில் கால்வாய் வந்து ஆற்றில் சேர்கிறது. அதைத் தாண்ட அவனுக்கு வழியில்லை. விளக்கோடு அங்கேயே நின்றான். அழுகிறானா, கத்துகிறானா, தெரியவில்லை. அந்தக் கால்வாய் வாய்க்கு நேராகப் படகு வந்தது.

துடுப்பு நின்றது.

படகும் நின்றது.

சத்தமே இல்லை.

துடுப்பு நின்ற பிறகும் என் பிடரியில் சொட்டிக்கொண்டே இருந்தது...

சொட்டு...

சொட்டு...

யாரோ என் தோளுக்கு மேலே குனிந்து, நான் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி துடுப்பு விழுந்தது. படகு வேகமாக ஊர்த் தோணிக்கடவை நோக்கிப் போனது. தோணித்துறை வெளிச்சம் தெரிந்ததும் கரை வரும்முன்னே குதித்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீர். விழுந்து எழுந்தபோது என் வேட்டி ஆற்றோடு போயிருந்தது. உயிர் போகிற நேரத்திலும் மானம் விடவில்லை பாருங்கள். படகின் பின் இருக்கையில் ஏதோ துணி கிடந்தது. இழுத்துச் சுற்றிக்கொண்டேன். அப்போதுதான் அந்த இருக்கையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. துடுப்பு மட்டும் குறுக்கே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஓடினேன்.

தோணிக்காரர் ஒருவர் வீட்டு முற்றத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். புதுக்கடைவரை நடந்து முதல் பஸ் பிடித்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்து டிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் குனிந்து பார்த்தபோது, நான் கட்டியிருந்தது சிவப்புக் கரை போட்ட நல்ல கல்யாண வேட்டி. நான் எப்போதும் கட்டுவது பச்சைக் கரை.

வீட்டில் ஓலை வாசிப்பைத் தள்ளிப்போடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். என்னவென்று சொல்வது? விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வெளுக்கிற இசக்கி அந்த வேட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவள் முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா வெயில்ல போட்டுப் பாத்துட்டேன். ஈரம் போவமாட்டேங்கு. இது நம்ம வீட்டுக் குறியும் இல்ல."

ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். சேங்கொட்டை மையில் மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு கொக்கி. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் வெளுக்கிறவர்கள் போடுகிற குறி அது. மாறிப்போனால் கண்டுபிடிப்பதற்காக.

"ஆருக்க வீட்டுக் குறி?"

"கருங்கல் ஊருல எனக்க அண்ணன் வெளுக்குற வீடு. இஸ்ரவேல் வாத்தியாரு வீடாக்கும்."

அன்று சாயங்காலமே கருங்கல் போனேன். இஸ்ரவேல் வாத்தியார் காலமாகிச் சில வருஷமாம். அவர் மனைவியும் மகள் நேசபாயும் மட்டும் இருந்தார்கள். நான் யாரென்று சொல்லி, தேங்காப்பட்டணத்தில் கிடைத்தது என்று வேட்டியை நீட்டினேன். நேசபாய் கரையைத் தடவிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணனுக்கதுதான். எனக்க நிச்சயத்துக்கு வாங்குனது. இதக் கெட்டிக்கிட்டுதான் போனான்."

"அண்ணன் பேரு?"

"ஜான்ரோஸ்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குமாரதாஸுக்கு நேசபாயைப் பேசியிருந்தார்கள். ஒரு ஓலை வாசித்தாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை குமாரதாஸ் வந்து, வேனில் போய்ப் படகு விடலாம் என்று ஜான்ரோஸைக் கூட்டிக்கொண்டு போனான். திங்கட்கிழமை தனியாகத் திரும்பி வந்தான். கால்வாய் வாய்க்கு நேராகப் படகு சாய்ந்துவிட்டது, நீந்தத் தெரியாதவன் போய்விட்டான் என்றான். போலீஸ் வந்தது. ஆட்கள் மூழ்கித் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. இதில் ஒரு வார்த்தைகூட எங்கள் காதுக்கு வரவில்லை.

"போறப்ப என்ன சொன்னான்?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"நல்லா விசாரிச்சிட்டு வாறேன், பொறவு ரெண்டாம் ஓலை வாசிக்கலாம்னு சொன்னான்."

அவனும் தங்கைக்காகப் போனவன். அன்றைக்கு என்ன கண்டுபிடித்தானோ! படகு தானாகச் சாய்ந்ததா, சாய்த்தார்களா? எனக்கு இன்றுவரை தெரியாது. குமாரதாஸை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. மலாயாவுக்கே போய்விட்டான் என்றார்கள். டிக்கெட் எடுத்ததைப் பார்த்தவன் ஒருவனுமில்லை. வேன் அந்தத் தென்னந்தோப்பில் அப்படியே நின்றது. செல்லபாய்க்கு வேறு நல்ல இடம் அமைந்தது.

அன்றைக்குக் கருங்கல் வீட்டிலிருந்து நான் புறப்படும்போது இருட்டிவிட்டது. "ஜெபம் பண்ணிட்டுப் போங்க மக்களே" என்றாள் அந்த அம்மா. உட்கார்ந்தேன். வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஜெபம் பண்ணினாள். முடிந்ததும் மூன்று பேரும் ஆமென் சொன்னோம்.

நான் கண்ணைத் திறந்தேன். தாயும் மகளும் கண்ணைத் திறக்கவில்லை. எதையோ எதிர்பார்த்து அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அம்மா தலை நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் நினைக்காதீங்க. சின்னதுலேயே அவனுக்கு அப்பிடி ஒரு பழக்கம். எல்லாரும் ஆமென் சொல்லி முடிச்சு, கொஞ்சம் பொறுத்து, கடைசியாத்தான் சொல்லுவான். ரெண்டு வருசமா நாங்க காத்து இருக்கோம். ஒரு நாளும் கேக்கல்ல."

அவர்களிடம் நான் வேட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். வேனுக்குள் கேட்ட அந்த மூன்றாவது ஆமெனைப் பற்றி அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.