வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த பிறிஜ்

உருத்திரபுரத்தில் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வராத காலம். கிளிநொச்சியில் இருந்து மாற்றலாகிப் போன ஒரு இஞ்சினியரிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிறிஜ் ஒன்றை வாங்கினேன். அடியில் விளக்கு எரியும், மேல் தட்டில் ஐஸ் பிடிக்கும். நெருப்பு எப்படி ஐஸ் பிடிக்கும் என்று கேட்டவர்களுக்கு எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. "சிவபெருமான்ர கையில அக்கினி, தலையில கங்கை. அது மாதிரித்தான்" என்று சொல்லிச் சமாளித்தேன். என் மனுசி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, உழவு மிசினுக்கு வைக்கிறது போல உச்சியில் ஒரு தேசிக்காயும், அதாவது ஒரு எலுமிச்சம்பழமும், வைத்தா.

அந்த வருசம் பிள்ளையார் கோயில் தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் என்னுடைய உபயம். கோயில் கூட்டத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த முறை தேசிக்காய்த் தண்ணிக்கு ஐஸ் போடுறன்" என்றேன்.

"ஆர், உங்கட விளக்குப் பெட்டி ஐஸ் தரப்போகுதோ?" என்றார் கோயில் மனேச்சர். "பாத்து, எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திப்போடும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவர்களின் சிரிப்பு பெரிதில்லை. பிள்ளையாருக்கு முன்னால் நின்று சொன்ன சொல் அது. அதை எப்படி விழுங்குகிறது?

வீட்டுக்கு வந்து கவனித்தால் ஒரு விசித்திரமான புதினம். மற்ற நாளெல்லாம் ஐஸ் கல்லுப்போலப் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை மாத்திரம் பிடிக்காது. வியாழக்கிழமை பிடித்ததும் வெள்ளி பின்னேரம் தண்ணீராய்ப் போய்விடும். தேரோ சனிக்கிழமை காலமை.

பக்கத்து வளவில் இருந்த மனுசியின் தமையன், என் மச்சான், தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை வந்து திரியை வெட்டினார், புகைக்குழாயைத் துடைத்தார்.

"விளக்கு நீலமாய் எரியுது மச்சான். இதில ஒரு பிழையும் இல்லை."

"உள்ளுக்க என்ன கிடக்கு?" என்று நான் மனுசியைக் கேட்டேன்.

"நேற்றையான் மீன்குழம்பு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வயித்துக்குள்ள மீன் மச்சத்தை வைச்சுக்கொண்டு அது என்னெண்டு வேலை செய்யும்?"

மச்சான் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சட்டியைக் கையில் எடுத்தார். "உந்தப் பாவத்தை நான் சுமக்கிறன்" என்று சொல்லிவிட்டு வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் போய்விட்டார். அடுத்த வியாழன் நாங்கள் கூப்பிடாமலே பாத்திரத்தோடு வந்து நின்றார். மீன்குழம்பு போனது, வெள்ளிக்கிழமை ஐஸ் பிடிக்கவில்லை. "ஒருவேளை றாலும் இருக்கக் கூடாதோ?" என்று கேட்டார்.

பிறகு நான் வேறு முடிவுக்கு வந்தேன். சுவாமியறைக்குப் பக்கத்தில் நின்று நின்று, பிறிஜ்தான் விரதம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. விரதத்தை முடித்து வைப்போம் என்று அதற்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்தேன். மனுசிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயை மண்ணெண்ணெய் மணக்கிற பெட்டிக்கு உடைக்கிறியளே, உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லை. ஐஸும் பிடிக்கேல்லை" என்றேன்.

தேருக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமையும் வந்தது. மத்தியானம் திறந்து பார்த்தால் தட்டில் தண்ணீர் தளும்புகிறது. வேறு வழி தெரியாமல் பிறிஜ்ஜுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, கண்ணை மூடித் தேவாரம் பாடத் தொடங்கினேன். உச்சந்தலையில் 'டொக்' என்று ஏதோ விழுந்தது. தேசிக்காய்.

"அபசகுனம்!" என்று எழும்பினேன்.

"சகுனமும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று குசினி அடுப்படியில் இருந்து மனுசி சொன்னா. "வெள்ளிக்கிழமையில அது உருண்டு விழுறதுதான். நான் எடுத்து எடுத்து வைக்கிறனான்."

"வெள்ளிக்கிழமையில மட்டுமோ?"

"ஓம்."

சத்தம் கேட்டு வேலிப் பக்கத்தால் வந்த மச்சான் தேசிக்காயைத் திரும்ப உச்சியில் வைத்தார். அது மெல்ல ஆறுதலாய் உருண்டு முன்பக்கத்தால் அவர் கையிலேயே விழுந்தது. குனிந்து கீழே பார்த்தார்.

"மச்சான், உது முன்னுக்குச் சரிஞ்செல்லோ நிக்குது. காலுக்குக் கீழ வைச்ச கட்டை எங்க?"

மண் நிலம் அந்த இடத்தில் கொஞ்சம் பள்ளம். பிறிஜ் வந்த அன்றே முன் காலுக்குக் கீழே ஒரு பலகைக் கட்டையைச் செருகித்தான் நிமிர்த்தி வைத்தோம்.

"கட்டை வேலியில காயுது" என்றா மனுசி.

நாங்கள் இருவரும் அவவைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? வெள்ளிக்கிழமை நிலம் மெழுகிறதெண்டால் கட்டையை எடுத்துக் கழுவ வேண்டாமோ? சாணகம் போட்ட நிலத்தில ஊத்தைக் கட்டையை வைச்சால் லட்சுமி வருவாவோ? சனிக்கிழமை காலமை காய்ஞ்சாப் பிறகு நான் திரும்ப வைக்கிறனான்தானே."

"இதை ஏனப்பா சொல்லேல்லை?"

"நீங்கள் ஐஸைக் கேட்டியள், மீனைக் கேட்டியள். கட்டையைக் கேட்டியளோ?"

சரிந்து நின்றால் அந்தப் பிறிஜ் குளிராதாம். அதை மச்சான் அப்போதுதான் கண்டுபிடித்தார், ஆனால் முதலே தெரிந்தவர் போலச் சொன்னார். ஈரக் கட்டையை ஓடிப்போய் எடுத்துவந்து செருகினோம். விடியக் கதவைத் திறந்தேன். ஐஸ்! பிள்ளையாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

உமிச் சாக்குக்குள் பொத்திக் கோயிலுக்குக் கொண்டுபோய் அண்டாவில் கொட்டினேன். மனேச்சர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, வாய்க்குள் போட்டு, கன்னம் உப்பியபடியே தலையாட்டினார். 

தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்த பிறகு ஒரு வயதான அம்மா வந்தா. நான் நல்ல பெரிய ஐஸ் துண்டாய்ப் பார்த்துத் தேசிக்காய்த் தண்ணி வார்த்த மூக்குப்பேணியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினா.

"நல்லாத்தான் கிடக்கு தம்பி. பல்லுக் கூசுது, கொஞ்சம் சுடவைச்சுத் தாவன்."

பந்தலுக்கு வந்த அடியாரைத் தாகத்தோடு அனுப்பலாமோ? மூக்குப்பேணியை வெயிலில் வைத்தேன். அவாவும் நானும் பக்கத்தில் குந்தியிருந்து அந்த ஐஸ் கரையும் மட்டும் பார்த்தோம். கரைந்து முடிந்ததும் அவா எடுத்துக் குடித்துப் பார்த்தா.

"இப்பத்தான் சரி" என்றா.