அடுத்த தடவைக்கான இலைக்கொத்து

கலஹா பஸ்ஸில் போய் இறங்கி, காட்டுக்குள் கால் மணி நேரம் நடந்தால் ஆறு வந்துவிடும். ஏற்றமே இல்லாத பாதை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு, நானும் என் வீட்டுக்காரரும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறோம். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது.

காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய மரம். உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு இலைக்கொத்தை ஒடித்து அதன் தாழ்ந்த கிளையில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் காட்டுச்சாமி பத்திரமாகத் திருப்பி அனுப்பும். என் வீட்டுக்காரருக்கு இதில் அப்படியொரு பிடிவாதம். நான் சும்மா இருப்பேனா? "ஆமா, சாமி அங்க உக்காந்து ஆள் எண்ணுது!" என்பேன்.

"எண்ணும்டி. ஒன்னயத்தான் மொதல்ல எண்ணும், அவ்வளவு வாய்" என்பார்.

பிறகு பாரிசவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துபோனது. பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. லொறி ஓட்டிய மனுஷன், சட்டைப் பொத்தானுக்கு என்னைக் கூப்பிட வேண்டியிருந்ததே, அதுதான் அவரைத் தின்றது. ஒருநாள் காலையில் தானாகவே, "ஆத்துக்குப் போவமா?" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடித்துப் பிடித்து ரொட்டி சுட்டேன்.

மரத்தடியில் நின்று இடது கையால் ஒரு கொப்பை வளைத்தார். நழுவியது. மறுபடி வளைத்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் காலில் அட்டை வேறு ஏறியது. என் அவசரப் புத்தி இருக்கிறதே! "விடுங்க, நான் போடுறேன்" என்று படக்கென்று இரண்டு கொத்தை ஒடித்துத் தொங்கவிட்டேன். அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார்.

ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மீனுக்கே போட்டார்.

"என்னங்க, சம்பல் ஒறைப்பா?"

"எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு கை. அதையும் நீ புடுங்கிட்டியே."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திரும்பி வரும்போது அதே மரத்தடியில் நின்றுவிட்டார். தூறல் விழுந்தது. நான் அசையவில்லை. கொப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பல்லால் கடித்து ஒரு கொத்தை ஒடித்தார். தொங்கவிட்டார். பிறகு இன்னொன்று. அதற்குள் இருவரும் தெப்பமாக நனைந்துவிட்டோம்.

"வெளிய வந்த பொறகு யாராவது போடுவாங்களா?" என்றேன்.

"இது அடுத்த தடவைக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு" என்று சிரித்தார். பஸ்ஸில் மீதி ரொட்டி அவ்வளவையும் தின்றார்.

அந்த அடுத்த தடவைக்கு முன்னாலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது மகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். தனக்கொன்று தொங்கவிட்டு, எனக்கும் ஒடிக்கக் கை நீட்டுவாள். நான் விடுவதில்லை.

"எனக்கு வேணாம்மா. ஒங்கப்பா எனக்குப் போட்டுட்டுத்தான் போயிருக்காரு."